கரையை விட்டுக் கிளம்பும் வேலை

லேண்டிங் கப்பல் என்றதும் எல்லோருக்கும் அந்த முன்கதவுதான் நினைவுக்கு வரும். கப்பல் மணலில் வந்து முட்டும், கதவு சாயும், உள்ளேயிருந்து சிப்பாய்கள் முழங்கால் தண்ணீரில் குதித்து ஓடுவார்கள். சினிமாக்காரர்கள் எடுத்ததும் அதைத்தான். கடற்படை நாளில் விசாகப்பட்டினம் ராமகிருஷ்ணா பீச்சில் கூடுகிற கூட்டம் கைதட்டுவதும் அதற்குத்தான். அதே நேரத்தில் கப்பலின் பின்பக்கத்தில் என்ன நடக்கிறது என்று ஒருவரும் பார்ப்பதில்லை. நான் நின்றது அங்கே, வின்ச்சுக்குப் பக்கத்தில்.

லேண்டிங் கப்பலுக்கு முன்னால் இருப்பது போலவே பின்னாலும் ஒரு நங்கூரம் உண்டு. கெட்ஜ் என்போம். கரையை நோக்கிப் போகும்போது, மணலைத் தொடுவதற்குக் கொஞ்ச தூரம் முன்பே அதை இறக்கிவிட வேண்டும். கப்பல் முன்னே போகப் போக இரும்பு ஒயர் டிரம்மிலிருந்து ஓடிக்கொண்டே இருக்கும். காரியம் முடிந்ததும் அந்த ஒயரைப் பிடித்து, வின்ச் கப்பலைக் கடலுக்குள் இழுக்கும். என்ஜின் பின்னோக்கிச் சுற்றுவது அதற்கு ஒத்தாசைதான். கரைக்குப் போவது ஒரு பெரிய வித்தையே இல்லை. தூங்குமூஞ்சி ஒருவன் சக்கரத்தைப் பிடித்தால் எந்தக் கப்பலும் கரைக்குப் போய்விடும். திரும்பி வருவதற்குத்தான் எங்களுக்குச் சம்பளம்.

எனக்குச் சொந்த ஊர் சிவகங்கைப் பக்கம், வானம் பார்த்த பூமி. கண்மாய் நிறைந்தால் அந்த வருடம் கடல் பார்த்த சந்தோஷம். ஒடிசாவில் உள்ள ஐ.என்.எஸ். சில்காவில் பயிற்சி முடித்து, சீமேன் பிரிவில் சேர்ந்து, சில காலம் வேறு கப்பலில் இருந்துவிட்டு இந்தப் பக்கம் வந்தேன். வந்த புதிதில் மனசு ஒப்பவில்லை. கடற்படையில் சேர்ந்த நாளிலிருந்து தலையில் அடித்துச் சொல்லிக்கொடுத்த ஒரே பாடம், கப்பல் தரை தட்டக் கூடாது என்பது. தட்டினால் விசாரணை, கேப்டனின் எதிர்காலம் போச்சு. இங்கே வேலையே தரை தட்டுவதுதான். முதல் தடவை அடியில் மணல் உரசி அந்தச் சத்தம் தகட்டின் வழியே பாதத்துக்கு ஏறியபோது, என்னை அறியாமல் கைப்பிடியை இறுக்கிக்கொண்டேன். பக்கத்தில் நின்ற சீஃப் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவர் கன்னியாகுமரிக் கடற்கரைக்காரர். அப்பாவும் தாத்தாவும் கட்டுமரம் தள்ளியவர்கள். அலையை எண்ணுவதற்கு எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். “பெருசா நாலஞ்சு வரும், பொறவு கடல் கொஞ்சம் அசரும் மக்கா. அந்த அசருத நேரத்துலதான் போணும்.” சீமேன்ஷிப் புத்தகத்திலும் இதே விஷயம் படத்தோடு, அம்புக்குறியோடு இருந்தது. படித்தேன், மண்டையில் ஏறவில்லை. அவர் பக்கத்தில் நின்று கையை நீட்டிக் காட்டியபோது ஏறியது.

கப்பலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். என் காலத்தில் எங்களிடம் இருந்தவை மூன்று அளவு. மகர், கரியால் மாதிரிப் பெரியவை. போலந்தில் கட்டி வந்த சீட்டா, மகிஷ், குல்தார், கும்பீர் நடுத்தரம். அதற்கும் கீழே எல்.சி.யு. என்கிற சிறிய ரகம். அவற்றுக்கு ஓர் எண் மட்டும், பெயர் கிடையாது. நான் அதிகம் இருந்தது நடுத்தரத்திலும் சிறியதிலும், போர்ட் பிளேரைத் தாயகமாகக் கொண்டு. எல்லாவற்றுக்கும் பொதுவான குணம் தட்டையான அடிவயிறு. முன்பக்கம் தண்ணீரில் குறைவாகவும் பின்பக்கம் ஆழமாகவும் அமரும். 1941 இறுதியில் ஜான் நீடர்மேயர் என்ற அமெரிக்கக் கப்பல் வடிவமைப்பாளர் போட்ட கோடு இது. கடலைக் கடக்கும்போது தொட்டிகளில் தண்ணீரை நிரப்பிக் கப்பலை அழுத்து, கரைக்குப் போகும்போது அதை வெளியேற்றி மேலே தூக்கு என்பது அவர் யோசனை. அந்தக் கோட்டில் ஆயிரத்துக்கு மேல் கட்டினார்கள். பிரிட்டன் கட்டிய அதே இனத்துக் கப்பல் ஒன்று 1949இல் நம் கடற்படைக்கு வந்தது. அதுதான் முதல் மகர்.

யோசனை அருமையானது. அதற்கான தண்டனையை மாலுமி அனுபவிப்பான். தட்டை அடி கடலில் நிற்காது. வங்கக்கடலில் தென்மேற்குப் பருவக்காற்று காலத்தில் இந்தக் கப்பலில் போனவன் சோற்றைப் பற்றிப் பேச மாட்டான். ராணுவக்காரர்களின் பாடு இன்னும் மோசம். வண்டிகளைச் சங்கிலி போட்டுத் தளத்தில் கட்டிவிடலாம், அவர்களை எதைப் போட்டுக் கட்டுவது? கரை வந்ததும் வீராவேசமாக இறங்கி ஓடுகிறார்களே, அதில் பாதி, மண்ணைத் தொடும் ஆசை.

இனி கரை. வெளியூர்க்காரன் கண்ணுக்குக் கடற்கரை என்பது ஒரு கோடு. எங்களுக்கு அது ஒரு சரிவு. ஐம்பது மீட்டர் போனால் ஒரு மீட்டர் ஆழம் என்றால் அருமையான கரை. இன்னும் மெதுவாகச் சரிந்தால் கப்பல் தொலைவிலேயே தட்டிவிடும், இறங்குகிறவன் நெடுந்தூரம் தண்ணீரில் நடக்க வேண்டும். சட்டென்று சரிந்தால் மூக்கு மட்டும் மணலில் குத்தும், பின்பக்கம் மிதந்து ஆடும். பக்கவாட்டில் ஓர் அலை தள்ளினால் கப்பல் கரைக்கு இணையாகத் திரும்பிப் படுத்துவிடும். எங்கள் தொழிலில் அதைவிடக் கேவலம் கிடையாது. அப்புறம் வரும் ஒவ்வோர் அலையும் அதை மேலே மேலே ஒதுக்கும். இந்த இடத்தில் காப்பாற்றுவது கெட்ஜ்தான். ஒயரில் இழுப்பு சரியாக இருந்தால் பின்பக்கம் அசையாது. இழுப்பு அதிகமானால் கப்பல் கரைக்கே போய்ச் சேராது, குறைந்தால் தொய்ந்த ஒயர் புரொப்பெல்லரில் சுற்றிக்கொள்ளும். பிரேக்கைப் பிடித்திருக்கிறவன் கைக்குத்தான் அந்த அளவு தெரியும்.

எப்போது போவது என்பதும் முக்கியம். உச்ச ஏற்றத்துக்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பு போய்த் தொட்டால், தண்ணீர் இன்னும் ஏறும், கிளம்புவது எளிது. வற்றத்தில் போய்த் தொட்டால் அடுத்த ஏற்றம் வரை அங்கேயே குடியிருக்க வேண்டியதுதான். போரில் எதிரி அதுவரை காத்திருப்பானா?

சுமை இறங்குவதைப் பின்னால் நின்று பார்க்க வேண்டும். டி-72 டாங்கி ஒன்று நாற்பது டன்னைத் தாண்டும். அது கிளம்புவதற்கு முன்பே தளத்தின் காற்றாடிகளை முழு வேகத்தில் ஓடவிட வேண்டும், இல்லாவிட்டால் புகையில் உள்ளே இருப்பவர்கள் சுருண்டுவிடுவார்கள். டாங்கி முன்னே நகர நகரக் கப்பலின் மூக்கு மணலில் அழுந்தும். ராம்ப்பைத் தாண்டி அது கரையேறிய கணம், மூக்கு துள்ளி எழும். மணலின் பிடியிலிருந்து கப்பல் நழுவும். அதனால்தான் என்ஜின்கள் முன்னோக்கி மெதுவாகத் தள்ளிக்கொண்டே இருக்கும், தொட்டிகளில் தண்ணீரும் ஏற்றுவோம். என்ஜின் அறைக்காரர்களுக்கு வேறு தலைவலி. புரொப்பெல்லர் கிளப்பிய மணல் எல்லாம் குளிர்விக்கும் தண்ணீரோடு உள்ளே வரும், வடிகட்டி அடைக்கும், சூட்டுமானி ஏறும். மேலே நாங்கள் அலையை எண்ணினால், கீழே அவர்கள் அந்த முள்ளைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

எல்லாம் இறங்கியதும் கப்பல் லேசாகிவிடும். கெட்ஜை இழு, என்ஜினைப் பின்னே சுற்று, அசரும் நேரம் பார்த்துக் கிளம்பு. கனமாக வந்து, லேசாகிப் போவதற்கென்றே பிறந்த கப்பல். தொட்டிகள், நங்கூரம், அடிவயிற்றுச் சரிவு எல்லாம் அந்த ஒரு கணக்கை நம்பிச் செய்தவை.

எங்களுக்கு அடிக்கடி சொல்லப்பட்ட கதை ஒன்று உண்டு. 1971 டிசம்பர் 14. வங்கப் போர் முடியப் போகிற நேரம். பாகிஸ்தான் படையினர் பர்மா வழியாகத் தப்பிவிடாமல் தடுக்க காக்ஸ் பஜாருக்குத் தெற்கே, உக்கியா கரையில் ஒரு கூர்க்கா பட்டாலியனை இறக்கத் திட்டம். கல்கத்தாவிலிருந்து ‘விஸ்வ விஜய்’ என்ற சரக்குக் கப்பலில் கொண்டுவந்து, நடுக்கடலில் கரியால், குல்தார் என்ற இரண்டு லேண்டிங் கப்பல்களுக்கு மாற்றினார்கள். நான் முன்பு சொன்னவை அல்ல, அவற்றுக்கு முன்பு அதே பெயர்களில் இருந்தவை. கரையைப் பற்றிச் சரியான சர்வே கிடையாது. கப்பல் போய்த் தட்டியது, கதவு திறந்தது, முதலில் இறங்கியவர்கள் தண்ணீருக்குள் போய்விட்டார்கள். கப்பல் தட்டியது கரையில் அல்ல, கரைக்கு முன்னால் ஒளிந்திருந்த மணல் திட்டில். திட்டுக்கும் கரைக்கும் நடுவே ஆளை விழுங்கும் ஆழத்தில் ஒரு வாய்க்கால். மலையில் பிறந்தவர்கள், முதுகில் முழுச் சுமை. உயிர் போனது. மிச்சப் பேர் பிறகு உள்ளூர்ப் படகுகளில்தான் கரை சேர்ந்தார்கள். சுட ஒரு எதிரிகூட அங்கே இல்லை. டிசம்பர் 16 டாக்காவில் சரணடைந்த படத்தை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். உக்கியா எங்கள் வகுப்பறைக்குள் மட்டும் இருக்கிறது. பள்ளிப் புத்தகத்திலும் அது ஒரு வரியாவது வர வேண்டும் என்பது என் எண்ணம்.

அமெரிக்கர்கள் இதையே பெரிய அளவில் அனுபவித்திருக்கிறார்கள். 1943 நவம்பரில் பசிபிக்கில் தராவா. பவளப்பாறைக்கு மேல் நான்கடித் தண்ணீராவது நிற்கும் என்று நம்பிப் போனார்கள், நிற்கவில்லை. ஹிக்கின்ஸ் என்ற லேண்டிங் படகுகள் பாறையிலேயே நின்றுவிட, மரைன்கள் நூற்றுக்கணக்கான மீட்டர் தூரம் துப்பாக்கிச் சூட்டுக்குள் நடந்தார்கள். மூன்று நாளில் சுமார் ஆயிரம் பேர் செத்தார்கள். கரையை முன்கூட்டி நீந்திப் போய் அளந்துவரத் தனிப்படை வைக்கும் பழக்கம் அதற்குப் பிறகுதான் உறுதிப்பட்டது.

கன்னியாகுமரி சீஃபுக்கு இதெல்லாம் செய்தியே இல்லை. திட்டைக் கண்ணால் பார்க்கலாம் என்பார் அவர். வெளியே ஒரு வரிசை அலை உடையும். அதற்கு இந்தப் பக்கம் அமைதியாக ஒரு பட்டை. பிறகு மறுபடி உடையும். அந்த அமைதியான பட்டையைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறவன் செத்தான். ஆழம் அங்கேதான் இருக்கிறது.

2004 டிசம்பர் 26 பூகம்பத்துக்கும் சுனாமிக்கும் பிறகு, கண்ணால் பார்ப்பது ஒன்றுதான் மிஞ்சியது. நிக்கோபார் தீவுகள் கீழே இறங்கிவிட்டன. பேச்சுக்குச் சொல்லவில்லை, நிலமே இறங்கியது. தெற்குக் கோடியில் இந்திரா முனைக் கலங்கரை விளக்கத்தின் அடிப்பகுதி நாலு மீட்டருக்கு மேல் தாழ்ந்து கடலுக்குள் நின்றது. வடக்கு அந்தமானில் தலைகீழ்: அங்கே தரை மேலெழும்பி, பவளப்பாறைகள் காற்றில் காய்ந்தன. எங்கள் வரைபடங்களில் எழுதியிருந்த ஆழம் எதற்கும் இனி அர்த்தமில்லை. ஜெட்டிகள் போய்விட்டன. கார் நிக்கோபாரில் விமானப்படைத் தளமே அடித்துச் செல்லப்பட்டிருந்தது. ஹெலிகாப்டர் ஆளைத் தூக்கும். அரிசியையும் டீசலையும் மண் அள்ளும் எந்திரத்தையும் தூக்குமா? ஜெட்டி இல்லாத இடத்துக்கு லேண்டிங் கப்பல்தான் போக முடியும். ‘சீ வேவ்ஸ்’ என்று அந்த வேலைக்குப் பெயர் வைத்திருந்தார்கள். தமிழ்நாட்டுக் கரையில் நடந்ததற்கு ‘மதத்’ என்று பெயர். நாகப்பட்டினத்துக்காரர்கள் இரண்டு பேர் எங்கள் கப்பலிலேயே இருந்தார்கள். வீட்டுச் செய்தி வராமல் வேலை பார்த்தார்கள். அதைப் பற்றி அவர்கள்தான் எழுத வேண்டும்.

நாங்கள் போனவற்றில் கச்சால் தீவை மட்டும் சொல்கிறேன். போர்ட் பிளேரிலிருந்து 400 கிலோமீட்டருக்கு மேல் தெற்கே. அங்கே ரப்பர் தோட்டம் உண்டு. 1964 சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கை மலையகத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றைக் கொண்டுவந்து அந்தத் தோட்டத்தில் குடியேற்றினார்கள். நிக்கோபாரிகளோடு சேர்ந்து அவர்களும் அந்தத் தீவின் ஆட்கள்.

நாங்கள் முன்பு போய்த் தொட்ட மணல் அங்கே இல்லை. தென்னைகள் கடலுக்குள் நின்றன, சில ஒடிந்த அடியோடு தண்ணீருக்குக் கீழே. மிதக்கும் மரம் புரொப்பெல்லரை உடைக்கும், மிதக்காத குற்றி அடித்தகட்டைக் கிழிக்கும். கப்பலை வெளியே நிறுத்திவிட்டு ஜெமினி ரப்பர் படகை இறக்கினோம். நாலு பேர், அடி அடியாகக் கோடு போட்ட ஒரு மூங்கில் கழி, ஒரு வாக்கி டாக்கி. கரையிலிருந்து வெளியே, மறுபடி கரைக்கு, ஆழத்தைக் கத்திக்கொண்டே வந்தார்கள். நான் ஒரு தாளில் குறித்தேன். குற்றிகள் இல்லாத ஒரு சந்து கிடைத்தது, கப்பல் அகலத்துக்குக் கொஞ்சம் கூட. இரண்டு பக்கமும் ஆரஞ்சு மிதவை கட்டி அதை வாசலாக வைத்துக்கொண்டோம்.

போனது சிரமமில்லை. அரிசி, தார்ப்பாய், மண்ணெண்ணெய், குடிநீர், ஒரு ஜேசிபி. ராம்ப்புக்கு முன்னால் மண் சேறாக இருந்ததால் இரும்புப் பாய் விரித்து ஜேசிபியை இறக்கினோம். கப்பல் வழக்கம்போல லேசானது. வழக்கம் அதோடு முடிந்தது. கரையில் ஜனம் நின்றது.

நான் மேலே சொன்ன கணக்கு இங்கே தலைகீழாகிவிட்டது. கனமாக வந்து லேசாகிப் போகும் கப்பலில், கரையில் இருக்கும்போதே ஆளை ஏற்றினால் என்ன ஆகும்? ஏறுகிற ஒவ்வோர் ஆளும் மூக்கை மணலில் அழுத்துகிறார். இவ்வளவு பேருக்கும் மூட்டைக்கும் எத்தனை டன் என்று யாராலும் சொல்ல முடியாது. டாங்கி என்றால் எடை தெரியும், எங்கே நிற்க வேண்டும் என்று தரையில் கோடு இருக்கும். பயந்துபோன மனிதர்கள் ராம்ப்பைத் தாண்டியதும் முதல் இடத்திலேயே உட்கார்ந்துவிடுவார்கள். கடலை விட்டு எவ்வளவு தூரம் நகர முடியுமோ அவ்வளவு நகர்ந்துவிட்டதாக அவர்களுக்கு ஒரு நினைப்பு. கப்பலுக்கோ அதுதான் இருக்கக் கூடாத இடம்.

எனக்கு அன்று கிடைத்த வேலை, பின்பக்கத்தை விட்டுவிட்டு முன்னே போய் ஆட்களைப் பின்னால் அனுப்புவது. இந்தியில் கத்திய மற்றவர்கள் சொல்லுக்கு யாரும் அசையவில்லை. தமிழில் சொன்னதும் ஒரு வயதான அம்மா நிமிர்ந்து பார்த்தார். மடியில் தையல் மிஷினின் தலைப்பாகம், சேலைத் தலைப்பால் சுற்றியது.

“தம்பி எந்த ஊரு?”

“சிவகங்கைப் பக்கம்ம்மா. எல்லாரும் பின்னால போயி உக்காரணும், முன்னால பாரம் கூடுனா கப்பல் நகராது.”

“பின்னால கடல்ல இருக்கு?”

“கப்பல் பூராவும் கடல்லதாம்மா இருக்கு.”

அவர் சிரிக்கவில்லை. ஆனால் எழுந்தார். எழுந்து, மற்றவர்களை அதட்டி, நிக்கோபாரிப் பெண்கள் இருவரை அவர்கள் மொழியிலேயே ஏதோ சொல்லிக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தளத்தின் கடைசிவரை போனார். கூட்டம் அவர் பின்னால் போனது. இரண்டு ஆடுகள் உட்பட. ஆடு ஏற்ற அனுமதி கிடையாது. அதிகாரி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடல் ஏற்றம் முடியக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. முன்தொட்டிகளைக் காலி செய்தார்கள். நான் வின்ச்சுக்குத் திரும்பினேன். ஒயர் இறுகி, அதிலிருந்த தண்ணீர் எல்லாம் தூசிபோலச் சிதறியது. இறுகிய ஒயர் அறுந்தால் அது திரும்பி வரும் வழியில் இருப்பவனைத் துண்டாக்கும். வேறொரு கப்பலில் அப்படிக் கால் போன ஒருவரை எனக்குத் தெரியும். அதனால் வின்ச் ஓட்டுகிறவனைத் தவிர எல்லோரும் மறைவுக்குப் போவது சட்டம். அன்று மறைவு முழுக்க மனிதர்கள் உட்கார்ந்திருந்தார்கள், நான்தான் அங்கே அனுப்பியிருந்தேன். ஆகையால் ஒரேயடியாக இழுக்காமல், ஓர் அலை தூக்கும்போது கொஞ்சம், அது இறங்கும்போது பிடித்து நிறுத்தி, அடுத்தது தூக்கும்போது மறுபடி கொஞ்சம் என்று எடுத்தேன். பெரிய அலைகள் வரும் வரை காத்திருந்தோம். வழக்கமாக அசரும் நேரத்தில் கிளம்புகிறவர்கள், அன்று பெரிய அலைக்காக ஏங்கினோம். தூக்கிவிட அதுதான் வேண்டியிருந்தது. நாலாவது வந்தபோது அடியில் அந்த உரசல் சத்தம் நின்றது.

பிறகு அந்த மிதவைச் சந்து வழியாகப் பின்னோக்கியே வெளியே வர வேண்டியிருந்தது. கெட்ஜ் ஒயர்தான் வழிகாட்டி. அதைச் சுருட்டிக்கொண்டே அது போகும் திசையில் போனோம்.

அந்தப் போலந்துக் கப்பல்கள் இப்போது வீட்டுக்குப் போய்விட்டன. 2024 ஜனவரி 12 அன்று சீட்டா, குல்தார், கும்பீர் மூன்றையும் போர்ட் பிளேரில் சேர்த்தே ஓய்வுகொடுத்து அனுப்பினார்கள். முந்தின வருடமே மகர் கொச்சியில் ஓய்வுபெற்றுவிட்டது. குல்தாரைச் சிந்துதுர்க் கடலோரத்தில் மூழ்கடித்து, முக்குளிப்பவர்கள் பார்க்கும் அருங்காட்சியகமாக வைக்கும் திட்டம். கொல்கத்தாவில் கட்டிய எட்டுப் புதிய எல்.சி.யு.க்கள் 2017 முதல் 2021 வரை ஒவ்வொன்றாக வந்து சேர்ந்திருக்கின்றன. 63 மீட்டர் நீளம், அர்ஜுன் டாங்கியே ஏறும். படுக்கையறையில் ஏ.சி. என்றார்கள், பொறாமையாகத்தான் இருந்தது.

ஹோவர்கிராஃப்ட் வந்தபின் இதெல்லாம் எதற்கு என்று கேட்கிறவர்கள் உண்டு. மண்டபத்தில் கடலோரக் காவல்படை அதை ஓட்டுவதை நானும் பார்த்திருக்கிறேன். சேறோ திட்டோ வாய்க்காலோ, மேலே ஏறிப் போய்க்கொண்டே இருக்கிறது. உலகத்துக் கரைகளில் எழுபது சதவீதத்துக்கு மேல் அதால் போக முடியும், சாதாரண லேண்டிங் படகுக்குப் பதினைந்து சதவீதம்தான் என்பது அமெரிக்கக் கடற்படை சொல்லும் கணக்கு. உக்கியாவில் அது இருந்திருந்தால் ஒருவரும் மூழ்கியிருக்க மாட்டார். ஆனால் அமெரிக்கர்களுடைய பெரிய ஹோவர்கிராஃப்டை ஓட்ட நாலு கேஸ் டர்பைன் வேண்டும், குடிக்கிற எண்ணெய்க்கு அளவில்லை, சுமையோ அறுபது டன் சுற்றுவட்டாரம். அவர்களே தங்கள் பழைய எல்.சி.யு.க்களை மாற்றப் புதிய எல்.சி.யு.க்களைத்தான் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். 400 கிலோமீட்டர் மெதுவாகப் போய், ஒரு ஜேசிபியை இறக்கிவிட்டு, ஒரு தோட்டத்து ஜனத்தையும் இரண்டு ஆட்டையும் ஏற்றிக்கொண்டு திரும்ப, இன்னும் அந்தத் தட்டை வயிறுதான் வேண்டும்.